பல்பு வெளிச்சத்தில் ஒரு முகம்

சாபிராவின் மறைந்த கணவர் முகத்தை வெள்ளை அக்ரிலிக் பலகையில் சிஎன்சி மெஷினால் செதுக்கிக் கொடுத்த ஷானவாஸ், கூலி வாங்கவில்லை. பின்னால் விளக்கு வைத்தால்தான் அதில் முகம் தெரியும். மார்க்கப்படி வீட்டில் உருவப்படம் மாட்டாத குடும்பம் அது.

"பீரோவுல வச்சு நீங்க மட்டும் பாருங்கக்கா. வேற யாருக்கும் நான் காட்ட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

கம்பம் ஊரில் ஷானவாஸின் கடையில் அவரோடு பத்து வருசம் வேலை பார்த்த முத்துக்குமரன், அல்லிநகரத்தில் தனிக்கடை போட்டான். அவன் நல்லா இருக்கணும் என்று துஆ செய்தபடியே வாழ்த்தப் போனார் ஷானவாஸ். கடை வாசலில், பல்பு வெளிச்சத்தில், சாபிராவின் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் அந்த முகத்தின் கம்ப்யூட்டர் ஃபைலை முத்து எடுத்துவந்து இன்னொன்று செதுக்கியிருந்தான்.

"சாம்பிளுக்குத்தாண்ணே! நாம செஞ்சதுலயே இதான் அம்சமா வந்துச்சு. செத்தவுக வந்து கேக்கவா போறாக?"

ஷானவாஸ் பல்பை அணைத்தார். அவனிடம் அவர் கடைசியாகப் பேசியது இதுதான்:

"தொழில எடுத்துக்கப்பா, சந்தோசம். நான் குடுத்த வாக்கையுமா எடுக்கணும்? அந்தக்காகிட்டப் போயி நானே சொல்லிக்கிறேன். இனி இங்கன வரமாட்டேன், முத்து."