கண்மாய்க் கரைக்கு வரும் எண்

சுகந்திக்கு இங்கிலாந்தில் தங்கி வேலை பார்க்க உரிமை உண்டு என்பதற்குக் காகிதம் கிடையாது. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை, கையில் அட்டை இல்லை. எல்லாம் இணையத்தில் ஒரு கணக்காக இருந்தது. அதைத் திறக்க ஒவ்வொரு முறையும் ஓர் எண் வரும். அது சாயல்குடிப் பக்கத்துக் கிராமத்தில், அவள் கணவன் காளிதாஸின் செல்லுக்கு வந்தது.

கணக்குத் தொடங்கியபோது அவளுக்கு அந்த நாட்டு சிம் கிடைத்திருக்கவில்லை. ராமநாதபுரம் ஏஜென்டிடம், "என் நம்பரப் போடுங்க" என்று காளிதாஸ்தான் சொன்னான்.

வீட்டில் டவர் எடுக்காது. கண்மாய்க் கரையில் ஏறினால் எடுக்கும். முதலில் தினமும் சாயங்காலம் பேசினாள். பிறகு முதியோர் இல்லத்தில் வேலை கூடியது, பேச்சு குறைந்தது. வாடகைக்கு வீடு விட்டவரோ வங்கியோ விசாவைக் கேட்கும்போது மட்டும் கூப்பிட்டாள். அன்றைக்கு அவன் குளித்து, தலை சீவிக் கரைக்குப் போவான்.

"ஏலே மாப்ள, என்ன இம்புட்டு எண்ணெ? சீமையில இருந்து மோந்து பாக்கவா போறா?" என்றார் அங்கே ஆடு மேய்க்கும் சின்னக்கருப்பன்.

"நம்பர் சொல்லப் போறேன் மாமா."

"ஊருல அவனவன் பொண்டாட்டிகிட்டப் பேசப் போறான். நீ நம்பர் சொல்லப் போற."

இந்த வருஷம் அங்கே விதி மாறியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை உயர்த்திவிட்டார்கள். அவள் வேலை பார்த்த இல்லம் அவ்வளவு தர முடியாது என்றது. வேறு ஊரில் ஓர் இல்லம் சம்மதித்தது. கணவனை அழைத்துக்கொள்ள இந்த வேலையிலும் வழியில்லை. புது மேலாளர் முன் உட்கார்ந்து அவள் கணக்கைத் திறக்கப் பார்த்தபோது, காளிதாஸ் மிளகாய்க் காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தான். அவன் கரைக்கு வந்து பார்த்தபோது எண் காலாவதியாகியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவன் கரையில் இருந்தபோது கூப்பிட்டாள்.

"ஏங்க, நாளைக்குக் காமிக்கலைன்னா வேற ஆள எடுத்துருவாக. நம்பர இங்கத்ததுக்கு மாத்திர்றேன். கடைசியா ஒருக்கச் சொல்லுங்க."

எண் வந்தது. கடைசியில் எட்டு இருந்தது. அவன் மூன்று என்றான்.

"தப்புன்னு வருதே."

"அப்பிடியா."

"மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கேன். லைன்ல இருங்க."

இருந்தான். சின்னக்கருப்பனின் ஆடுகள் காய்ந்த கண்மாய்க்குள் இறங்கின.

"மழை பேஞ்சுச்சா?" என்றாள்.

"தூத்தல் போட்டுச்சு."

"ராத்திரிக்கு என்ன செய்றீக?"

"காலையில ஆக்குனதுதான்."

"எனக்கும் அப்படித்தான்." கொஞ்சம் சிரித்தாள். "இங்கன ஒரு பெரியவரு என்னய மக பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாரு. நானும் என்னப்பான்னு குரல் குடுத்துக்கிறதுங்க."

"சொல்லவே இல்லயே."

"எங்க பேசுறோம்?"

செல் அதிர்ந்தது. அவன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வந்துருச்சா?" என்று கேட்டாள். சற்றுப் பொறுத்து, "பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, சரியாகச் சொன்னான்.

"ஆயிருச்சுங்க."

"வேற எதுக்கும் வேணுமா?"

"வேணாம். இனிமே நீங்க வேலையப் போட்டுட்டுக் கரைக்கு வர வேணாம்."

"இல்ல, வாரேன்" என்றான். "சாயங்காலம் சும்மாதான இருக்கேன்."