சப்பரம் தூக்கியவர்

மயிலாப்பூரில் நான் இதய ஸ்கேன் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார் அந்தப் பட்டினப்பாக்கத்து மீனவர். அகன்ற தோள், உப்புக்காற்றில் செம்பட்டையேறிய தலை. லிஃப்டில் ஏறமாட்டார். படியில் மூச்சு வாங்கினால் செல்போனைப் பார்ப்பதுபோல நிற்பார். கொரோனா காய்ச்சல் விட்டு ஒரு வருஷமாகியும் அவருடைய இதயத் தசை தேறவில்லை.

ஒருநாள் ஸ்கேன் எடுக்கும்போது கேட்டார்.

"இந்த வருசமாச்சும் மாதா சப்பரம் தூக்கலாமா, மேடம்? எங்க நைனா தூக்குன எடம் அது. போன வருசம் எவனோ நின்னுகினு இருந்தான்."

"ஹார்ட்டோட பம்பிங் இன்னும் ஏறலண்ணா. டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாரே."

"மாதா இன்னா அவ்ளோ கனமா?"

"மாதா கனமில்ல, சப்பரம்தான் கனம்."

சிரித்தார். கண் மட்டும் திரையை விட்டு அசையவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தத் திரையைப் படிக்கத் தெரியும் என்பதில் எனக்குப் பெருமை அதிகம். அன்று என் கண்ணே தப்பாக இருக்கக்கூடாதா என்று மறுபடி மறுபடி அளந்தேன்.

மாதா கோயில் திருவிழாவன்று பார்க்கப் போனேன். சப்பரத்தை வேறு ஆட்கள் சுமந்தார்கள். அவரோ சப்பரத்துக்குப் பக்கத்தில் அவர்களோடு அடியெடுத்து வந்தார். அவர்கள் தோள் மாற்றியபோது, எதையும் சுமக்காத அவரும் தோள் மாற்றிக்கொண்டார்.