கொழும்பு வேலை

ஹட்டனில் டயர் மாட்டுகிற ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், உள்ளங்கை நிறையக் கீறல்கள். டியூபை வைக்கும் முன் சக்கரத்தின் உட்புறத்தை வெறுங்கையால் தடவிப் பார்ப்பார். ஆரக்கம்பியின் முனை துருத்தியிருந்தால் டியூபுக்கு முன்னால் அவர் கைதான் கிழியும்.

நான் தேயிலைத் தோட்டத்துத் துரையின் டிரைவர். அவருடைய பந்தயக் காருக்குப் புது டயர் வந்ததும் ஹட்டன் டயர்காரரிடமே மாட்டலாம் என்று துரையிடம் சொன்னேன்.

"அந்தக் கூலியா என் காரைத் தொடுறது? கொழும்புக்குக் கொண்டு போ!"

கொழும்பில் பெரிய கடையில் மாட்டி வந்தேன். ஹட்டனை நெருங்கும்போதே ஒரு சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. டயர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் நான்கையும் கழற்றித் தடவி, துருத்திய கம்பிகளை அரத்தால் தேய்த்து மாட்டினார். கையெல்லாம் ரத்தம்.

"தொரைகிட்ட நான் மாட்டுனேன்னு சொல்லுங்கண்ணே."

"கட்டாயம் சொல்றேன்."

அந்த ஞாயிறு துரை பந்தயத்தில் ஜெயித்தார். "பாத்தியா, கொழும்பு வேலை!" என்று டயரைத் தட்டினார்.

உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். "ஆமாங்க தொரை" என்றேன்.

மறு வருஷமும் புது டயர்களோடு கொழும்புக்குப் புறப்பட்டேன். காரைத் தூரத்தில் கண்டதுமே ஹட்டன் டயர்காரர் எழுந்து, இடுப்புச் சாரத்தில் கைகளைத் துடைத்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றார்.

நான் நிறுத்தவில்லை.