இன்றைக்குத்தான் தீர்ந்துபோன சர்க்கரை

பள்ளிக்கூடக் காவலாளி ஹம்மாதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. பாதி அவன் மேல், பாதி என் மேல்.

நான் அந்தப் பள்ளியில் பதினாறு வருஷமாகக் கணக்கு வாத்தியார், ஊர்ப் பேச்சில் உஸ்தாத். பாலைவன ஓரத்தில், த்ரா ஆற்றங்கரையில் பேரீச்சந்தோப்புகள் முடிந்து வெறும் கல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஹம்மாதி ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவன். பஞ்சத்தில் ஆடுகள் செத்ததும் கிணறு தோண்டப் போனான். கயிறு அறுந்து வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மிச்ச விரல்களோடு பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தைப் பிடித்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை மூன்று நாளாக வரவில்லை என்று எங்களுக்கு அவன்தான் சொல்வான்.

அவனுக்கு ஒரே மகள், யம்னா. இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது அவன் மனைவி இஸ்ஸாவை ஊர் மருத்துவ நிலையத்துக்குக் கழுதை மேல் கொண்டுபோனான். அங்கே தாதியின் நாற்காலி காலியாகக் கிடந்தது. வேலையை விட்டுப் போனவளுக்குப் பதிலாக யாரையும் போடவில்லை. பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சுதான்: "அந்த நாற்காலியில என் மக உக்காரணும், உஸ்தாத்." பள்ளி இறுதித் தேர்வில் தேறினால் தாதியர் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். யம்னாவுக்குக் கணக்கும் அறிவியலும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் மட்டும்தான் பாக்கி.

எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் கடற்கரைப் பட்டணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அவர் நாற்காலியும் காலியாயிற்று. தலைமையாசிரியர் எங்கெங்கோ எழுதிப்போட்டு, கடைசியில் வெளிநாட்டுச் சங்கம் ஒன்று தன்னார்வலர்களை அனுப்ப ஒப்புக்கொண்டது. சம்பளம் வேண்டாம், தங்க ஓர் இடம் போதும் என்றார்கள். ஹம்மாதி தன் வீட்டில் நல்ல அறையைக் காலிசெய்து கொடுத்துவிட்டு, மூன்று பேரும் அடுப்படிப் பக்கம் படுத்துக்கொண்டார்கள்.

ஒருவர் மூன்று வாரம் இருப்பார். அவர் போய்ச் சில வாரத்தில் அடுத்தவர் வருவார். எல்லோரும் தங்கமானவர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் வந்து இறங்கியதும் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். என் பெயர் இன்னது. இது சிவப்பு, இது நீலம். இது மூக்கு. மூன்றாவது வாரம் மாதங்களின் பெயர்களுக்கு வரும்போது கண்ணீரும் புகைப்படமுமாக விடைபெற்றுவிடுவார்கள்.

'இது எங்களுக்குத் தெரியும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்பீர்கள். எங்கள் பக்கத்தில் விருந்தாளி நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்போடு வருவார். வீட்டில் பத்துக் கூம்பு அடுக்கியிருந்தாலும், "அடடா, இன்னைக்குத்தான் தீர்ந்து போச்சு, நல்ல வேளை நீங்க கொண்டு வந்தீங்க!" என்று வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். ஹம்மாதி சொன்னால் மட்டும் அடுக்கியிருப்பதைக் கண்ணால் பார்த்த விருந்தாளிகூட நம்பிவிடுவார்.

அதையே அவன் வகுப்பறைக்கும் கொண்டுபோனான். புது ஆள் வருகிற நாளன்று வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்துச் சொல்வான்: "கடல் தாண்டி வந்திருக்காங்க. கொண்டு வந்ததைத் தெரியும்னு சொல்லி முகத்தை வாட வைக்காதீங்க." பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். யார் எந்தத் தப்பைச் செய்வது என்று முந்தின நாளே பங்கு போட்டுக்கொள்வார்கள். "இந்தத் தடவை ஏப்ரலை நான் மறக்கறேன். போன தடவை நீலத்தை நீ ஒழுங்காவே தப்பாச் சொல்லலடா, கழுதை!" அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

மூன்று வருஷத்தில் பத்தொன்பது பேர் வந்தார்கள். யம்னா பத்தொன்பது முறை சிவப்பைக் கற்றுக்கொண்டாள். தானே படிக்கலாமே என்றால், அந்த வீட்டில் இருந்தது ஹம்மாதியின் பொத்தான் போன் ஒன்றுதான். பாடப்புத்தகத்தைப் பிரித்தால் பாதி வார்த்தைக்கு அர்த்தம் கேட்க ஆளில்லை. எனக்கும் பிரெஞ்சோடு சரி.

தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது வந்தவர் டெரன்ஸ் என்ற வயதானவர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கொஞ்சம் பிரெஞ்சு பேசுவார். இரண்டாம் நாள் அவர் சிவப்புச் சட்டையைத் தொட்டுக் காட்டியபோது, யம்னா எழுந்து நின்று இங்கிலீஷிலேயே சொன்னாளாம்: 'ஐயா, இது எங்களுக்குத் தெரியும். தேர்வுக்குப் பாடம் நடத்துங்கள்.'

மனுஷர் கோபப்படவில்லை. சாயங்காலமே என்னைத் தேடி வந்து பழைய வினாத்தாள்கள் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். முகத்தில் வேலை கிடைத்தவனின் சந்தோஷம். மூன்று வாரம் போதாது, தேர்வு வரை இருந்துவிடுகிறேன் என்றார். நானும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஹம்மாதி மகளோடு என் வகுப்பு வாசலில் நின்றான். அவள் கண் வீங்கியிருந்தது.

"உஸ்தாத், நீங்க கொஞ்சம் வாங்க. இவ மன்னிப்புக் கேக்கணும், நீங்கதான் அவருக்குப் புரிய வைக்கணும்."

"எதுக்கு மன்னிப்பு? அவர் ஒண்ணும் வருத்தப்படல, ஹம்மாதி."

"ராத்திரி அவர் சரியாச் சாப்பிடல. அந்தக் காகிதத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். என் வீட்டுல ஒரு விருந்தாளி சாப்பிடாம எழுந்தது இதுதான் முதல் தடவை."

"பாபா, அவர் எனக்காகத்தான் படிச்சிட்டிருந்தார்," என்றாள் யம்னா.

"வாயை மூடு. ஊர்ல நான் தலை நிமிந்து நடக்கிறது இது ஒண்ணாலதான்."

நான் அப்போது முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினாறு வருஷத்துச் சிநேகிதம். சரி, ஒரு சடங்கு, முடித்துவிடலாம் என்று போனேன்.

வகுப்பில் டெரன்ஸ் முன்னால் யம்னா தரையைப் பார்த்துக்கொண்டு எங்கள் பாஷையில் சொன்னாள்: "நான் பொய் சொல்லிட்டேன். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க ஆரம்பிச்ச இடத்துலேருந்தே சொல்லிக்கொடுங்க." நான் அதை வார்த்தை பிசகாமல் பிரெஞ்சில் சொன்னேன். பின்னாலேயே பிள்ளைகளும் சேர்ந்து தலையாட்டினார்கள். பழகிப்போனவர்கள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ள அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நம்பிவிட்டவராக, அவள் தோளைத் தட்டிச் சிரித்தார். அன்று மதியம் வினாத்தாள் கட்டு என் மேஜைக்குத் திரும்பி வந்தது. மூன்றாவது வாரம் மாதங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டு டெரன்ஸ் ஊருக்குப் போனார். ஹம்மாதி பேருந்து நிறுத்தம் வரை அவர் பெட்டியைச் சுமந்து போனான்.

ஜூனில் தேர்வு. இங்கிலீஷ் தாளில் ஒரு பக்கத்துக்குப் பத்தி, அதன் கீழே கேள்விகள், கடைசியில் ஒரு கடிதம். யம்னா தனக்குத் தெரிந்ததை எழுதினாள். தன் பெயர், வயது, பன்னிரண்டு மாதங்கள், ஏழு நிறங்கள். இருபதுக்கு மூன்று. கணக்கில் பதினாறு வாங்கியும் மொத்தத்தில் அரை மதிப்பெண் குறைந்து நின்றாள். ஜூலையில் மறுதேர்வு, அதிலும் அதே கதை. பட்டியலை நான்தான் பார்த்துச் சொன்னேன். ஹம்மாதி சாவிக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"இன்னொரு வருஷம் எழுதட்டும், உஸ்தாத். எழுதலாம்ல?"

"எழுதலாம்," என்றேன்.

யம்னா கேட்டாள்: "மறுபடியும் மூக்கு, காதுலேருந்தா, பாபா?"

அவ்வளவுதான் பேசினாள். அக்டோபரில் பேரீச்சம்பழம் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மருத்துவ நிலையத்து நாற்காலி இன்னும் காலிதான். நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

அறுவடை முடிகிற சமயத்தில் அன்னெக்கே என்று ஓர் இளம்பெண் வந்தாள். முதல் நாள் தேநீருக்கு ஹம்மாதி என்னையும் கூப்பிட்டிருந்தான். அவள் பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கூம்பை எடுத்து நீட்டினாள், யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஹம்மாதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் வழக்கமாகச் சொல்வது அன்று வாயில் வரவில்லை.

யம்னா தேநீர்க் கோப்பைகளைக் கொண்டு வந்து வைத்தாள். விரல்களில் பழப்பிசின் ஒட்டியிருந்தது. அன்னெக்கே அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, விரிப்பில் இருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டி, நிறத்தின் பெயரை மெதுவாகச் சொன்னாள். யம்னா கண்ணை அகல விரித்தாள். ஒருமுறை தப்பாகச் சொன்னாள். இரண்டாம் முறை சரியாகச் சொன்னாள். அந்தப் பெண் கை தட்டினாள்.

ஹம்மாதியால் தாங்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். "உஸ்தாத், சொல்லுங்க. அவளுக்குத் தெரியும்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. உங்க கால்ல விழறேன், சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். யம்னா என்னைப் பார்க்காமலே, கோப்பையில் தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"விடுங்க, உஸ்தாத். நம்ம வீட்டுல இன்னைக்குத்தான் தீர்ந்து போச்சு."

அன்னெக்கே அடுத்த கோட்டைத் தொட்டாள், நீலம்.