மூன்று ஷிப்டில் ஒரு பிள்ளை

என் மகன் பால் குடித்த கணக்கு முதன்முதலில் ஏறியது ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டரில். சிரிக்காதீர்கள், உண்மைதான். தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் மில்லுக்குத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தார். எத்தனை மூட்டை பஞ்சு உள்ளே போனது, எத்தனை கிலோ நூல் வெளியே வந்தது, கழிவு எவ்வளவு என்று ஷிப்டு வாரியாகச் சொல்லும் புரோகிராமை எழுதியவர் அவர். மேனேஜர் ஒரு தடவை முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இவருக்கு ரிப்போர்ட் எடுக்கக் கை பரபரக்கும்.

தலைப்பிரசவத்துக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் அம்மா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் மனைவிதான், என் மதினிதான், எனக்குத் தாய் வீடு. பையன் பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் செத்த நேரம்தான் ஆகும். ஆனாலும் மாப்பிள்ளை தினமும் வந்து நின்றால் தெருவில் நாலு பேர் கேலி பேசுவார்கள் என்று அவருக்குக் கூச்சம். பிள்ளையைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த ஏக்கத்தில் மனுஷன் செய்த காரியம்தான் இது.

மில் புரோகிராமில் பஞ்சு என்று இருந்த இடத்தில் பால் என்று மாற்றினார். நூல் என்று இருந்த இடத்தில் எடை என்று மாற்றினார். ஷிப்டை மாற்ற மறந்துவிட்டார், அல்லது மாற்ற மனம் வரவில்லை. முதல் ஷிப்டில் இத்தனை தடவை குடித்தான், இரண்டாம் ஷிப்டில் இத்தனை தடவை என்று மடிப்பு மடிப்பாகப் பெரிய காகிதத்தில் அடித்துக்கொண்டு வந்து பெருமையாக என் மடியில் விரித்தார்.

“ஏங்க, எம் புள்ளைக்கு வார லீவு உண்டா?” என்று கேட்டேன்.

“கிண்டல் பண்ணாத. புள்ள பெத்த எல்லாருக்கும் இது ஒரு நாள் உதவும் பாரு” என்றார்.

அந்தக் காகிதத்துக்குத் தீனி போட்டது என் மதினி. எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிரில் இருந்த பலசரக்குக் கடைக்கு மில்லிலிருந்து சாயங்காலம் போன் வரும். கடைக்காரர் தெருவைத் தாண்டிக் குரல் கொடுப்பார். பிள்ளை பெற்றவள் தீட்டு கழியும்வரை வாசல்படி தாண்டக் கூடாது என்பதால் நான் கட்டிலில் கிடப்பேன். மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடுவாள். இவர் அன்றைக்கு எத்தனை தடவை குடித்தான் என்று கேட்பார், அவள் சொல்வாள், இவர் அங்கே மெஷினில் தட்டிக்கொள்வார். எடை என்ற இடத்துக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. எடை போட்டால் பிள்ளை இளைத்துவிடும் என்று மதினி தராசுப் பக்கமே விடமாட்டாள். ஆகவே குடித்த கணக்கை வைத்து எடையை மெஷினே கணக்குப் போட்டுக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வந்தபோது முகத்தில் சிரிப்பே இல்லை. பின்னாலேயே என் மாமியார். அவர் கையில் ஒரு பால்பவுடர் டின், ரப்பர் போட்ட ஒரு புட்டி. இவர் காகிதத்தை விரித்தார். எடைக் கோடு மலையிலிருந்து இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே போனது. அடியில், அந்த மெஷினில் தமிழ் எழுத்து வராது என்பதால், இங்கிலீஷ் எழுத்தில் ‘பால் போதாது’ என்று அடித்திருந்தது.

“பால்கோவா ஊர்க்காரிக்குப் பாலு இல்லையாம்ல” என்றார் மாமியார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“பத்துத் தடவைக்கு மேல குடிக்கான் அத்தை. நான்தான குடுக்கேன், எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“அரைத் தூக்கத்துல ஒனக்கு என்ன கணக்கு தெரியும்?” என்றார் இவர். “போன்ல சொன்னது வெளி ஆளா? ஒன் மதினிதான சொன்னாக.”

மதினியைப் பார்த்தேன். காபித் தம்ளரை ஏந்திக்கொண்டு நிலையோரம் நின்றாள். தரையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, அவளே பேசாமல் நிற்கிறாள் என்றால் எனக்குத்தான் பால் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதுவரை நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்கும் பிள்ளை என்று பார்த்தவனை, அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு, சோர்ந்து கிடக்கிறானோ என்று பார்த்தேன். அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொன்னார் மாமியார். புட்டியைக் கழுவத்தான். அந்தப் புட்டி ஒரு தடவை பிள்ளை வாய்க்குள் போய்விட்டால் அப்புறம் நான் எதற்கு என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

“டாக்டரம்மா பாக்கட்டும். அவிய சொன்னா புட்டியக் குடுங்க. அதுவரைக்கும் எம் புள்ளைய யாரும் தொடக் கூடாது” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவின் வீடும் கிளினிக்கும் அடுத்த தெருவில் ஒரே கட்டடத்தில் இருந்தன. தீட்டாவது படியாவது, நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அங்கே தராசுத் தட்டில் அவனைக் கிடத்தியதும் மதினி ஓடிவந்து முந்தானையை விரித்து எல்லார் கண்ணையும் மறைத்தாள். டாக்டரம்மா அந்த முந்தானையை விலக்கி முள்ளைப் பார்த்தார், பிறந்த அன்று எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்தார்.

“நல்லாத்தானே ஏறியிருக்கான். எதுக்கு எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?” என்றார்.

இவர் காகிதத்தை நீட்டினார். டாக்டரம்மா அதைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு, யார் சொன்ன கணக்கு இது என்று கேட்டார். எல்லாரும் மதினியைப் பார்த்தோம். அவள் என் மாமியாருக்குக் கேட்காத குரலில் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை.

“கடையில எம்புட்டு சனம் நிக்கும் தெரியுமா அண்ணே? அம்புட்டுப் பேரு காதுபட எம் மருமகன் பத்துத் தடவை குடிக்கான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? கண்ணு பட்டுறாதா? அதான் ஏதோ மூணு நாலு தடவை வாய வச்சான்னு சொன்னேன். நீங்க அதப் போயி மெஷின்ல ஏத்துவியன்னு நான் கண்டனா?”

அவளைக் குறை சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் எந்தத் தாயாவது என் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாளா? எங்க சாப்புடுதான், கொறிக்கான் என்றுதானே சொல்வோம். கேட்பவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சரி, நன்றாகச் சாப்பிடுகிறான் என்று புரிந்துகொண்டு போய்விடுவார்கள். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

“சரி, அத விடு. துணி எத்தனை நனைக்கிறான்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

மதினிக்கு உயிர் வந்தது. “அத ஏன் கேக்கிய டாக்டரம்மா, தொவச்சு மாளல. விடியுமுன்ன ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் அதே வேலதான். எங்க வீட்டுக் கொடி பத்தாம அடுத்த வீட்டுக் கொடியிலயும் போட்டிருக்கேன்.”

டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பி, “இதை ஏத்துங்க உங்க மெஷின்ல” என்றார். மூத்திரத் துணிக்கு யாரும் கண் வைப்பதில்லை. அதைக் குறைத்துச் சொல்லவும் யாருக்கும் தோன்றாது. மாமியார் டின்னைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, பிரசவம் முடிந்த நிமிஷத்தில்கூட அப்படி ஒரு நிம்மதி வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று விம்மி விம்மி அழுதேன். பிள்ளை அந்த அழுகையிலும் குடித்தான்.

ஐந்தாம் மாதம் ராஜபாளையம் திரும்பியதும், டாக்டரம்மா சொன்னபடி நனைந்த துணியைக் கணக்கெடுத்து எல்லாப் பிள்ளைக்கும் ஆகிற மாதிரி, புரோகிராமைத் திருப்பி எழுத உட்கார்ந்தோம். நானும் கணக்குப் படித்தவள்தான், கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவள்தான். ஆனால் அதுவரை இவர் என்னை அந்த நாற்காலியில் உட்கார விட்டதில்லை. இந்தத் தடவை நான் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். மில்லில் வாரக் கடைசியில் மெஷின் சும்மா இருக்கும் நேரத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார். பிள்ளை மேஜைக்கு அடியில் சேலையால் கட்டிய ஏணையில் கிடப்பான். மேலே நாங்கள் சண்டை போடுவோம்.

முதல் சண்டை ஷிப்டுக்கு. அதை எடுத்தேன். அடுத்தது பெயருக்கு. பெயர் போடாவிட்டால் மெஷின் அடுத்த வரிக்குப் போகாது என்று எழுதி வைத்திருந்தார். பிறந்து பத்து நாளில் எந்தப் பிள்ளைக்கு இங்கே பெயர் இருக்கிறது? அதையும் எடுத்தேன். வயது பற்றிய சண்டையில்தான் கொஞ்ச நாள் எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. மாதம் எத்தனை என்று ஒரே கேள்வி வைத்திருந்தார். இரண்டு முடிந்து மூன்று நடக்கும் பிள்ளைக்கு நம்மவர்கள் மூணு மாசம் என்பார்கள். மெஷின் அதை மூன்று முடிந்த பிள்ளை என்று எடுத்துக்கொண்டு எடை பத்தவில்லை என்று அலறும். ‘முடிஞ்சதா, நடக்குதா’ என்று கேட்க வேண்டும் என்றேன். அது அறிவியல் இல்லை என்றார். ஒங்க அறிவியல்தான எம் புள்ளைக்குப் புட்டி கொண்டாந்துச்சு என்றேன். அதற்குப் பிறகு ‘முடிஞ்சதா, நடக்குதா’ என்ற வரி ஏறியது. அவரே ஏற்றினார், அதுவும் நான் பார்க்காத நேரத்தில்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கேள்வியாக, நான் ஒன்றை வைத்தேன்: பதில் சொல்வது பெற்றவளா, வேறு ஆளா? வேறு ஆள் என்று தட்டினால் அடுத்த வரி வராது. இந்த வரியில் இவர் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினார்.

மில்லில் புது மெஷின் வந்து பழையதை ஒதுக்கியபோது, கேட்டு வாங்கி, மில் வேனில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்கில் இறக்கினோம். தடுப்பூசி போடும் நாளில் நான் வந்து உட்காருவதாக டாக்டரம்மாவிடம் பேச்சு. முதல் நாள் ஒருத்தியும் கிட்டே வரவில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டி பிள்ளைகளை முறைத்துப் பார்ப்பதாக ஒரு அம்மா சொல்லிவிட்டார். மதினிதான் வந்து, மையைத் தொட்டு டிவி மாதிரி இருந்த அந்தத் திரையின் ஓரத்தில் ஒரு பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்தாள். “இனி ஒண்ணும் செய்யாது, வாங்கட்டி” என்றாள். வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் கான்சாபுரத்துப் பிள்ளை ஒன்று. அது நன்றாகத் தேறிவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமியாரும் மருமகளுமாக வந்தார்கள். மருமகளுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும், உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. நான் எதைக் கேட்டாலும் மாமியார் பதில் சொன்னார். நல்ல மனுஷிதான், பிள்ளையை அவ்வளவு பதனமாகப் பிடித்திருந்தார்.

“பெத்தவ சொல்லணும்மா. இந்தப் பொட்டி வேற ஆளு சொன்னா ஏத்துக்கிடாது” என்று திரையைக் காட்டினேன். மாமியார் அந்தப் பொட்டு வைத்த பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, அரைமனதாக வெளியே போய் நின்றார்.

துணி எத்தனை நனைக்கிறான் என்று கேட்டேன்.

“மூணு நனைஞ்சாப் பெருசுக்கா.”

தராசில் போட்டோம். எடை ஏறவே இல்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையில் எப்படிப் பார்த்திருப்பேனோ அப்படி இருந்தது. பால் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த கேள்வியைத் தட்டாமல், “ஒனக்கு ஏதும் கேக்கணுமாம்மா?” என்றேன்.

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“நான் தண்ணி குடிக்கலாமாக்கா?”

எனக்கு முதலில் புரியவில்லை. “புள்ள பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும், புள்ளைக்குச் சளி புடிக்கும்னு அத்தை காலையில அரைத் தம்ளர், ராத்திரி அரைத் தம்ளர்தான் தாராக. அவியளும் அப்படித்தான் இருந்தாகளாம். யாரும் எங்கிட்டக் கேக்கல, நானும் சொல்லல” என்றாள்.

எழுந்து போய் டாக்டரம்மா அறை மண்பானையிலிருந்து பெரிய சொம்பு நிறைய மொண்டு வந்தேன். அவள் அண்ணாந்து குடித்தாள். கழுத்தில் வழிந்து ரவிக்கையெல்லாம் நனைந்தது, துடைக்கவில்லை. காலிச் சொம்பை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, “இன்னுங் கொஞ்சம் தருவியளாக்கா?” என்று கேட்டாள்.