துரோகி ரொட்டி

என் அண்ணன் அபுந்தியோவைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் அவனுக்குக் கூடப்பிறந்தவள் என்று இருப்பது நான் ஒருத்திதான், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் ஊர் த்லாஸ்கலா சீமையில் தோத்தோலாக். அண்ணன் ரொட்டிக்காரன். கற்றாழைக் கள்ளில் மாவைப் புளிக்கவைத்து, விறகு அடுப்பில் சுட்டு, மேலே எள்ளைத் தூவி, தலையணை அளவுக்கு ஒரு ரொட்டி. எந்த ஊரில் திருவிழாவோ அந்த ஊர்க் கோயில் வாசலில் கடை. அப்பா அம்மா போன பிறகு அந்த ரொட்டியை விற்றுத்தான் என்னைத் தையல் படிக்க வைத்தான். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரமே இல்லாமல் போய்விட்டது.

கடையில் ஒரு பலகை மாட்டியிருப்பான்: 'த்லாஸ்கலா ரொட்டி'. அதைப் படித்துவிட்டு எந்த ஊரிலும் ஒருவனாவது கத்துவான்.

"டேய், துரோகி ரொட்டி வந்திருக்குடா! நாட்டை வித்தவனுங்க சுட்ட ரொட்டி!"

நானாக இருந்தால் பலகையைக் கழற்றி அடுப்பில் போட்டிருப்பேன். அண்ணன் சிரிப்பான். "வாங்க சாமி, வாங்க. அந்தக் காலத்துல தலைநகரத்து ராஜா அறுபது வருசம் எங்களுக்கு உப்பு வராம மறிச்சு வெச்சாரு. அந்தப் பழக்கத்துல உப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், சாப்பிட்டுப் பாருங்க" என்பான். திட்டியவனே இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போவான்.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே தலை குனிந்து பழகிவிட்டேன். பல நூறு வருசத்துக்கு முன்னால் ஐந்நூறு ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள், த்லாஸ்கலாக்காரர்கள் காட்டிக்கொடுத்தார்கள், நாடு போயிற்று என்று வாத்தியார் ஒரே வரியில் முடித்துவிடுவார். புருசன் வீட்டுக்குச் சொல்லாமலே கல்யாணமாகி சால்கோ ஊருக்கு வந்தபோது, மாமனார் தோன் கிளெமெந்தே கேட்ட முதல் கேள்வியே "எந்த ஊரும்மா நீ?" என்பதுதான். "புவெப்லா, மாமா" என்று பக்கத்துச் சீமையைச் சொன்னேன். பொய் எவ்வளவு லேசாக வந்தது! அது பதினாறு வருசம் ஓடியது. புருசனுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு மாமனார் வீடுதான் எனக்கும் என் மகள் நெரெயிடாவுக்கும் கூரை. மாமனார் வாயைத் திறந்தால் த்லாஸ்கலாவைத் திட்டாமல் மூடமாட்டார். நான் எப்படி வாயைத் திறப்பேன்?

நெரெயிடாவுக்குப் பதினைந்து வயது நிறையும் விழா வந்தது. அப்பன் இருந்தால் அப்பனோடுதான் அவள் முதல் ஆட்டம் ஆட வேண்டும். அப்பன் இல்லை. "மாமாதான் என்கூட ஆடணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏழு வயதில் ஒரே ஒரு தடவை, தாத்தாவிடம் சொல்லக்கூடாது என்று சொல்லி, தோத்தோலாக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். அப்போதே தாய்மாமன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றவள். கடைத் தொலைபேசியில் அவளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். பிறகு நான் வாங்கிப் பேசினேன்.

"அண்ணே, இங்க எங்க மாமனார் கேட்டா, புவெப்லான்னு மட்டும் சொல்லிடேன்."

அண்ணன் சொன்னான்: "பாப்பம் பாப்பா. மொதல்ல எனக்கு ஆட வரணும். மாவு மூட்டையக் கட்டிப்பிடிச்சுப் பழகிட்டு இருக்கேன், ஊரே சிரிக்குது."

மாமனாரிடம் "புவெப்லாவிலிருந்து அண்ணன் வருவான்" என்று சொல்லி வைத்தேன். அவருக்கும் சந்தோசம்தான். "வரட்டும், வரட்டும், பிள்ளைக்குத் தாய்மாமன் வேணுமில்ல" என்றார்.

விழா அன்று மத்தியானம் நெரெயிடாவுக்கு உள்ளறையில் தலை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. வெளிவாசலில் மாமனாரும் அவருடைய கூட்டாளிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த நான் அண்ணன் குரலைக் கேட்டு ஓடினேன். புதுக் கோட்டு, சட்டையில் பூ, இரண்டு தோளிலும் ரொட்டிக் கூடை. நான் போய்ச் சேருவதற்குள் மாமனார் கேட்டுவிட்டார்.

"வாசனை தூக்குதே! எந்த ஊரு ரொட்டிய்யா?"

"தோத்தோலாக்குங்க. த்லாஸ்கலா."

முப்பது வருசப் பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அடப்பாவி, துரோகி ரொட்டியா!" மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அஞ்ஞூறு பேரு வந்தானுங்க. சாமின்னு நெனச்சுக் கால்ல விழுந்து, கதவையும் தொறந்து விட்டீங்களே, உருப்படுவீங்களா?"

"சாமின்னு நெனச்சா கல்லால அடிப்போமா, பெரியவரே? ரெண்டு வாரம் அடிச்சோம். முடியாம போனப்புறம்தான் சேந்தோம்." அண்ணன் கூடையை இறக்கி வைத்தான். "அஞ்ஞூறு பேரு அவ்ளோ பெரிய தலைநகரத்தப் பிடிச்சுட முடியுமா? பின்னாடி ஆயிரமாயிரமா நாங்கதான் நின்னோம். நாங்க மட்டுமா? கப்பம் கட்டிக் கட்டி வயிறெரிஞ்சவன் எல்லாருந்தான் போனான். ஆமா, ஐயா எந்த ஊரு?"

"நானா? பரம்பரையா சால்கோ!"

"அப்பச் சரி. உங்க முப்பாட்டனும் எங்க முப்பாட்டனும் ஒரே வரிசையில நின்னவங்கதான். சால்கோக்காரங்களும் வந்து சேந்தாங்களே! ஒறவுக்காரரு, உங்களுக்கு ஒரு ரொட்டி சும்மா."

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கிளெமெந்தே, மாட்டினடா! நீயும் துரோகிதானா!" மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரும்மா இந்த ஆளு? யாரு வரச்சொன்னது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் இருந்தது. 'என் அண்ணன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பதினாறு வருசப் பொய், இந்தக் கூரை, இத்தனை பேர் முன்னால். எல்லாம் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடிற்று.

"நான்தான் ரொட்டிக்குச் சொல்லி வெச்சேன் மாமா. ரொட்டிக்காரரு" என்றேன். அதோடு விட்டேனா? சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டி, "எவ்ளோ ஆச்சுங்க?" என்று கேட்டேன். என் நாக்கு அழுகிப் போயிருக்கலாம்.

அவன் விலை சொன்னான். நோட்டை வாங்கி மீதியும் கொடுத்தான். "விழா நல்லா நடக்கட்டும்மா" என்றான். அதற்குள் மாமனாருக்குக் கோபம் போய்விட்டது. "பேச்சுல கில்லாடிய்யா நீ! உக்காரு, ஒரு கிளாஸ் குடிச்சுட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுத்தார். "இன்னொரு ஊர்ல வேலை இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் காலிக் கூடைகளோடு நடந்தான்.

உட்கார் என்று சொன்ன மனிதருக்குப் பயந்தா நான் அண்ணனை விரட்டினேன்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

சாயங்காலம் நெரெயிடா தாத்தாவோடு ஆடினாள். மாமாவுக்குப் பேருந்து கிடைக்கவில்லையாம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அம்மா, நேத்து நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

நான் குழாயை மூடினேன்.

"பின்வாசல் வழியா தெருமுனை வரைக்கும் ஓடினேன். 'மாமா'ன்னு கூப்பிட்டேன். திரும்பினாரு. 'ஆள் மாத்திக் கூப்பிடுறியேம்மா, நான் ரொட்டிக்காரன், புவெப்லாக்காரன்'னு சொன்னாரு. அழுதுக்கிட்டே சொன்னாரும்மா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே யாராவது என்னை உங்க அம்மா எந்த ஊருன்னு கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?"