இறங்கி வந்த ஆர்மோனியம்

எங்கள் மாதா கோயிலில் பாட்டு மேலேயிருந்துதான் வரும். தலைவாசலுக்கு நேர் மேலே மரத்தால் ஒரு மாடம். பாடகர்களும், காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியமும் அங்கேதான். ஏறிப் போக ஒரு சுழல்படி உண்டு; அதில் ஒரு ஆள் ஒடுங்கித்தான் போகலாம்.

சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து எனக்கு இடது கால் சூம்பிவிட்டது. காலுக்கு இரும்புக் கம்பி கட்டி, கக்கத்தில் கட்டை வைத்துத் தூத்துக்குடித் தெருவெல்லாம் சுற்றியிருக்கிறேன். அந்தச் சுழல்படி மட்டும் என்னை விடவில்லை. இரும்பு மடங்காது, படி வளையாது. "காலுக்கும் சேத்து நாக்குக்கு வளத்தி" என்று அம்மா என்னைப் பற்றிச் சொல்வாள். பொய்யில்லை.

ஆர்மோனியத்தைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தேன். அங்கே அது தரையில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். வலது காலால் மட்டும் மிதிப்பதால் காற்று கொஞ்சம் குறையும். அதற்குத் தக்கபடி இழுக்காமல் வாசிக்கப் பழகிக்கொண்டேன். எழுபதுகளின் நடுவில் கோயிலில் வாசித்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலை மாறிப் போய்விட்டார். திருவிழா நெருங்கியது. எங்கள் தெருவில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பாடகர்களை நடத்தும் பாட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார்.

"ஒங்க மவ வாசிப்புக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. மேல ஏறணும்லா? முடியாதுன்னா சொல்லுங்க, திருநெல்வேலில ஒரு ஆளு இருக்காராம்."

அந்தத் திருநெல்வேலிக்காரரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றிரவே அவரை வெறுக்க ஆரம்பித்தேன்.

அப்பா ஒரு தோணிக்குத் தண்டல். தோணியை நடத்தும் தலைவர். கப்பலெல்லாம் கடலில் தள்ளி நிற்க, தோணிக்காரர்கள்தான் சரக்கை ஏற்றி இறக்கினார்கள். தோணிக்காரனுக்கு எந்தச் சிக்கலுக்கும் கயிறுதான் மருந்து. அப்பா மாடத்தின் உத்தரத்தில் கப்பியைக் கட்டி வடத்தை ஓட்டினார். சாமியார் வீட்டு நாற்காலி ஒன்றை அதில் தொங்கவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் என்னை உட்கார வைத்து, தோணி ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள். வெங்காய மூடைக்குப் போடும் அதே ஏலேலோதான் எனக்கும்.

பாதி உயரத்தில் நாற்காலி மெல்லச் சுற்றியது. கீழே பீடத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரும்பு கட்டிய கால் தனியாக ஆடியது.

"பாத்தியாளா, ஒரு குலுக்கம் இருக்கா?" என்று அப்பா கீழேயிருந்து கேட்டார். முகமெல்லாம் பெருமை.

ஒரு குலுக்கமும் இல்லைதான். அப்பாவுக்குத் தெரிந்த அன்பு அத்தனையும் அந்தக் கயிற்றில் இருந்தது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திருவிழா அன்று ஊரே நிறைந்திருக்கும்போது இப்படித் தொங்கி ஏறி, இப்படியே தொங்கி இறங்கவேண்டும். பிறகு நான் என்ன வாசித்தேன் என்று யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்? தண்டல் மகளைத் தூக்கியதைத்தான் பேசுவார்கள். இறங்கியதும், "இன்னொரு மட்டம் இதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வடத்தைச் சுற்றினார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மறுநாள் பூசை முடிந்து சாமியார் வீட்டு வராந்தாவில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அங்கே பெண்கள் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, அதனால் நான் போனேன். என் கட்டைச் சத்தம் கேட்டதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாமி, என்னைய மேல தூக்க வேண்டாம். ஆர்மோனியத்தக் கீழ எறக்குங்க. எல்லாரும் கீழ நின்னே பாடட்டும்" என்றேன்.

பாட்டு வாத்தியாருக்கு முகம் சுண்டிவிட்டது. "பாட்டு மேல இருந்து எறங்கணும்ளா. வானத்துச் சம்மனசுக நிக்கித எடம் அது."

"சம்மனசுக்கு றெக்க இருக்கு மாமா. எனக்கு இரும்புல்லா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. அத்தோடு வாயை மூடியிருக்கலாம், மூடவில்லை.

"இத்தன காலம் கப்பல் கடல்ல நின்னுச்சு, நீங்க சொமந்தீங்க. இப்பம் கடலையே தோண்டி, புதுத் துறைமுகத்துல கப்பலக் கரைக்கே கொண்டாந்து கட்டியாச்சு. அம்மாம் பெரிய கப்பலு வரலாம், ஒரு பெட்டி எறங்கக் கூடாதா?"

அந்தத் துறைமுகத்தால் பிழைப்புக் குறைந்த தோணிக்காரர்கள் பாதிப்பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. நேற்றிலிருந்து என்னோடு பேசாத அப்பாதான் எழுந்தார்.

"பெட்டிய நான் எறக்கித் தாரேன் சாமி. கப்பி கட்டினபடிதான் இருக்கு."

சாமியார் தாடியைத் தடவினார். "இந்தத் திருநாளுக்கு மட்டும். முடிஞ்சதும் மேல ஏத்திரணும்."

அன்று மாலையே ஆர்மோனியம் இறங்கியது. அதற்கும் அதே ஏலேலோ. பாட்டு வாத்தியார் பக்கத்தில் நின்று, "பைய, பைய" என்று கடைசிவரை பதறிக்கொண்டே இருந்தார்.

திருவிழா மாலை, பீடத்துக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் பாட்டை அவசரமாக வாசித்துவிட்டேன். பாடகர்கள் சனங்களின் முகத்தைப் பார்த்துப் பாடிப் பழகாதவர்கள், தரையைப் பார்த்தே பாடினார்கள். இரண்டாம் பாட்டில் எனக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டைக்குரல் சேர்ந்தது. ஆர்மோனியத்தின் அடிக்கட்டைகளைவிடக் கனமான குரல். ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சு விடாமல் நீட்டிப் பிடித்தது. பாட்டு வாத்தியார் கை வீசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இளமையில் முத்துக் குளித்து, பிறகு சங்கு குளித்தவர். ஒரு காலத்தில் வாத்தியாரோடு மாடத்தில் நின்று பாடியவர் என்று கேள்வி. குரல் போய்விட்டது என்று பாட்டை விட்டுப் பல வருடங்கள். கடலில் மூச்சடக்கித்தான் குரல் கெட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருப்பார். இப்போது தூணுக்குத் தூண் பிடித்தபடி என் முதுகுப்பக்கம் வந்திருந்தார்.

பூசை முடிந்ததும் வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கொரலு போச்சுன்னு சொன்னீரேவே?"

"கொரலு எங்கன போவும்? காலு முட்டுதான் போச்சு" என்றார் அவர். "முட்டுன்னு சொன்னா நீரு ஆளு வச்சுத் தூக்கிட்டுப் போவீரு. அதான் கொரலுன்னுட்டேன்."

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்து மூடியைச் சாத்தினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் அந்தப் படி எனக்கு மட்டும்தான் தடை என்று நினைத்திருந்தேன். ஆழ்கடலுக்குள் இறங்கி ஏறிய மனிதரையும் அது கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ் என்று போன இடத்திலெல்லாம் படியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது எனக்காக மட்டும் கேட்டதில்லை.

ஆனால் சாமியார் சொன்னது திருநாளுக்கு மட்டும்தானே. அடுத்த ஞாயிறு, பெட்டியை ஏற்றியிருப்பார்கள் என்றே நினைத்துக் கோயிலுக்குப் போனேன். ஆர்மோனியம் வைத்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அதில் சங்கு குளித்த பெரியவர் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மாடத்தை அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்தில் கப்பியும் இல்லை, வடமும் இல்லை.

"நான்தான் ஒங்கப்பன்ட்ட கப்பிய அவுத்துட்டுப் போகச் சொன்னேன்" என்றார் பாட்டு வாத்தியார், என் முகத்தைப் பார்க்காமல். "ஒக்காரு, நேரமாவுது."